கொடையாளியின் படமும் குடியிருப்பாளரின் குரலும்

பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து சேரும் படங்களுள் ஒரு வகை எப்போதும் ஒரே மாதிரியே இருக்கும். சக்கர நாற்காலிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். முன்னால் ஒரு கேக். பின்னால் ஒரு பதாகை. கனடாவிலோ சுவிஸிலோ வாழும் ஒருவரின் பிறந்தநாளை முன்னிட்டு மதிய உணவு வழங்கப்பட்டதாக அது கூறும். வழங்கியவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நாற்காலிகளில் அமர்ந்திருப்போரின் பெயர்கள் எங்கும் இரா.

கொடுப்பது குற்றமன்று. 2009 இல் முடிவுற்ற போர், முள்ளந்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோரையும் தலையில் குண்டுச் சிதறல்களைச் சுமப்போரையும் விட்டுச் சென்றது. அரசு செய்யத் தவறியவற்றுட் பலவற்றை அறக்கொடை இல்லங்களும் புலம்பெயர்ந்த உறவுகளுமே செய்தனர். இதனை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆயினும் நன்றி வேறு, அதிகாரம் வேறு. ஒரு பராமரிப்பு இல்லம் யாருடையது? பணம் அனுப்புபவருடையதா, நிர்வாகக் குழுவினுடையதா, அல்லது அங்கே வாழ்பவருடையதா?

இக்கேள்வி புதியதன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னரே இங்கிலாந்தில் இது எழுப்பப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற விமானியும், நாகசாகியில் அணுகுண்டு வீசப்பட்டதை நேரில் கண்டவருமான லெனார்ட் செஷயர், 1948 இல் ஹாம்ப்ஷயரிலுள்ள லே கோர்ட் என்ற மாளிகையில், சாவை எதிர்நோக்கியிருந்த ஒருவரைத் தாமே பராமரிக்கத் தொடங்கினார். அந்த மனிதநேயத்திலிருந்தே உலகெங்கும் செஷயர் இல்லங்கள் பிறந்தன. இலங்கையிலும் அவை உள்ளன.

அதே லே கோர்ட்டில்தான் கலகமும் பிறந்தது. தசைச் சிதைவு நோயினால் இயக்கமிழந்த போல் ஹன்ட் என்ற இளைஞர் 1956 இல் அங்கு சேர்ந்தார். எத்தனை மணிக்கு உறங்குவது, யாருடன் பழகுவது, எப்போது வெளியே போய்வருவது என்பவற்றைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அவரும் சக குடியிருப்பாளர்களும் கேட்டனர். நிர்வாகத்திலும் பங்கு கேட்டனர். தமது கட்சிக்கு வலுச் சேரும் என்று நம்பி, ஆய்வாளர்களையும் அவர்களே அழைத்தனர். 1972 இல் வெளிவந்த அந்த ஆய்வோ, இத்தகையோரைச் சமூகம் இறந்தவராகவே கணக்கிட்டுவிட்டது என்று கூறி, அந்த நிலையை மாற்றுவது பற்றியன்றி அதனைச் சகிக்கத்தக்கதாக்குவது பற்றியே பேசியது. அதே ஆண்டில் ஹன்ட் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ஓர் இயக்கம் உருவாயிற்று. உடலின் குறை ஒன்று, அக்குறையுடையவரை ஒதுக்கிவைக்கும் சமூகத்தின் அநீதி வேறொன்று என 1976 இல் அவ்வியக்கம் பிரித்துக் காட்டியது. இன்று உலகம் பேசும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று, ஓர் அறக்கொடை இல்லத்தின் படுக்கையறையில் இருக்கிறது!

இனி நம்மிடம் வருவோம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குப் பிரியாணி அன்றாடத் தேவையன்று. உணர்வற்ற உடலை நேரந்தவறாது புரட்டிவிட ஆள் வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் எலும்பு வரை அரித்து, கிருமி குருதியிற் கலந்து உயிரையே பறிக்கும். காற்று மெத்தை வேண்டும். சுத்தமான சிறுநீர்க் குழாய் வேண்டும். தவறினால் தொற்று சிறுநீரகத்தைத் தாக்கும். இயன்மருத்துவருக்கும் இரவுப் பணியாளருக்கும் மாதந்தோறும் சம்பளம் வேண்டும். இவற்றுள் எதையும் கேக்குடன் படம் பிடிக்க முடியாது. அதனாற்றானோ என்னவோ, இவற்றுக்கு அனுசரணையாளர் கிடைப்பது அரிதாக இருக்கிறது. எது தேவை என்று குடியிருப்பாளரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

“அவர்களுக்கு நிர்வாகம் தெரியுமா? சிலருக்குப் பேச்சே வராதே” என்று கேட்போர் உளர். பேச்சு வராமை வேறு, கருத்து இல்லாமை வேறு. மூளை முடக்குவாதத்தால் நா குழறுபவர் பலரின் அறிவு எவ்வகையிலும் குன்றியதன்று. எழுத்துப் பலகையைக் கண்ணாற் சுட்டியேனும் ஒருவர் தம் விருப்பைச் சொல்ல முடியும். பொறுமையாகக் காத்திருந்து கேட்க ஆளில்லை என்பதே உண்மையான குறை. உண்மையிலேயே முடிவெடுக்க இயலாதோரும் உளர். அவர்களுக்காகப் பேசவேண்டியவர் அவர்களை நன்கறிந்த உறவினரே அன்றி, காசோலையில் ஒப்பமிடுபவர் அல்லர்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையை அச்சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை வலியுறுத்துகிறது. அந்த உரிமை இல்லத்தின் வாசலோடு நின்றுவிடலாமா?

ஆகவே, பணம் அனுப்பும் உறவுகள் அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். நிர்வாகக் குழுவில் குடியிருப்பாளர் எத்தனை பேர்? இவ்வாண்டு படுக்கைப் புண்ணால் வைத்தியசாலைக்குச் சென்றோர் எத்தனை பேர்? வீடு திரும்ப விரும்பியோருள் எத்தனை பேருக்கு உதவினீர்கள்? பதில் சொல்லும் இல்லத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். பதிலுக்குப் படம் அனுப்பும் இல்லத்திடம் மறுபடியும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

சோறு போட்டவன் சொல்வதையெல்லாம் உண்டவன் கேட்கவேண்டும் என்பது தருமமன்று. அது பழைய அடிமை முறையின் மிச்சம்.