மரம் வைக்க மண் யாரிடம் இருக்கிறது?

மரக்காணம் உப்பளத்தில் நடுப்பகலில் நின்று பாருங்கள். ஊர்ப்பெயருக்கு அறிஞர்கள் என்ன பொருள் சொன்னாலும், அந்த வெயிலில் அது 'மரம் காணோம்' என்றுதான் காதில் விழும். இதில் குறை சொல்ல முடியாது. உப்பு விளைய வெயிலும் காற்றும் வேண்டும். பாத்தியில் நிழல் விழுந்தால் விளைச்சல் கெடும். அதனால் நிழலே இல்லாத இடத்தில் நின்றால்தான் இங்கே கூலி.

ஒவ்வொரு ஜூன் 5 அன்றும் கையில் கன்றோடு ஒரு குழந்தையின் படம் வருகிறது. நாமும் பகிர்கிறோம், நானும்தான். குழந்தை மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் கன்று நட மண் வேண்டுமே, அது யாரிடம் இருக்கிறது?

திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கரை நினைவிருக்கிறதா? 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசியவர். அவருடைய கதை மரத்தில் தொடங்கவில்லை. இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். அந்தக் கரிக்காக வெட்டப்படும் மரங்களையும், அந்தப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளியையும் சேர்த்தே யோசித்தார். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். பாராட்டிய ஊடகங்கள் கண்டுபிடிப்பை எழுதின. அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பதை விட்டுவிட்டன. கரி போனாலும் வண்டியைத் தள்ளுகிறவர் மாறவில்லை. அதை மாற்றுவது அந்தப் பெண்ணின் வேலையல்ல, நம்முடையது.

மரத்தைப் பார்த்து மனிதரை விட்டுவிடும் பழக்கம் வட மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 1987 சாலை மறியலில் வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களை இன்றும் மேடையில் ஏசிக் காட்டுகிறார்கள். அதே நாட்களில் எரிந்த சேரிக் குடிசைகளை எத்தனை பேர் பேசுகிறார்கள்? 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் மீண்டும் தலித் வீடுகள் எரிந்தன. வாசலில் வேம்பு வைத்து அது நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வீடு எரியாமல் இருக்க வேண்டும், மண்ணும் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிப் பேசினால் பஞ்சமி நிலத்தைப் பேசாமல் இருக்க முடியாது. பக்கத்துச் செங்கல்பட்டின் ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையால் 1892-இல் அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும். தமிழ்நாட்டில் கன்று நடும் மண்ணுக்காகச் செத்தவர்கள் என்று இவர்களைச் சூழலியல் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஜூனில் கன்றுகளோடு மரக்காணம் பக்கம் வரும் தோழர்கள் முதலில் காலனிக்குள் வாருங்கள். யாருடைய பட்டா மனு எத்தனை ஆண்டாகத் தூங்குகிறது என்று கேளுங்கள். உப்பளத்தில், நிழல் பாத்தியில் விழாத தூரத்தில், ஓய்வுக் கொட்டகையும் குடிதண்ணீரும் கேட்டு எழுதும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். கன்றை உப்பளத் தொழிலாளியின் பிள்ளையிடம் கொடுங்கள். எங்கே நடலாம், எங்கே நடவிட மாட்டார்கள் என்று அந்தப் பிள்ளை கை நீட்டிக் காட்டும்.