வானலையும் வேண்டும், வலையும் வேண்டும்

பூப்பந்து இறுதியாட்டம் நடைபெறும் ஒரு மாலை வேளை. தாமான் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். முதல் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் கூரைமேல் பொருத்திய ஆண்டெனாவின் உதவியால் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்க்கின்றனர். பக்கத்து வீட்டு இளைஞர்கள் அதே ஆட்டத்தைத் திறன்பேசியில் இணையத்தின் வழி பார்க்கின்றனர். முதல் வீட்டில் கைதட்டலும் ஆரவாரமும் எழுகின்றன. பக்கத்து வீட்டுத் திரையிலோ பந்து இன்னும் வலையைத் தாண்டவே இல்லை. அரை நிமிடம் கழித்துத்தான் அந்த வெற்றிப்புள்ளி அங்குத் தெரிகிறது. அதற்குள் ஆட்டத்தின் சுவை பாதி குறைந்துவிடுகிறது.

விலை உயர்ந்த புதிய கருவி பின்தங்க, பழைய ஆண்டெனா முந்திக்கொண்டது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடினால், இணையத் தொலைக்காட்சியின் ஆற்றலும் அதன் குறைகளும் தெளிவாகும். வானலைத் தொலைக்காட்சியைக் கைவிடலாமா என்ற பெரிய கேள்விக்கும் அதிலேயே விடை கிடைக்கும்.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. அக்காலத்தில் தோட்டப்புறங்களில் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. தமிழ்ப்படம் ஒளியேறும் நாளில் அண்டை அயலார் அனைவரும் அந்த வீடுகளில் கூடிவிடுவர். 1996-ஆம் ஆண்டில் துணைக்கோள் வழி கட்டணத் தொலைக்காட்சி அறிமுகமானது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பழைய ஒப்புமை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, இலக்கவியல் ஒளிபரப்பு முழுமையாக நடப்புக்கு வந்தது. இதற்கிடையே, இணையம் மெல்ல மெல்லத் தொலைக்காட்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2005-இல் யூடியூப் தோன்றியது. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் நெட்பிலிக்ஸ் மலேசியாவிலும் கால்பதித்தது. இன்று பல மாணவர்களுக்குத் தொலைக்காட்சி என்பது கையில் இருக்கும் திறன்பேசிதான்.

வானலை ஒளிபரப்பு கோயில் மணியைப் போன்றது. மணியை ஒருமுறை அடித்தால் போதும். அதன் ஓசை எட்டும் தொலைவில் இருக்கும் அனைவரும் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் மணியடிப்பவருக்கு வேலை ஒன்றுதான். அவ்வாறே, குன்றின்மேல் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரம் ஒரே சமிக்ஞையை எல்லாத் திசைகளிலும் அனுப்புகிறது. அதன் எல்லைக்குள் எத்தனை வீடுகள் இருந்தாலும் கோபுரத்திற்குக் கூடுதல் சுமை இல்லை.

இணையம் இயங்கும் விதம் வேறு. அஞ்சல்காரர் வீடு வீடாகச் சென்று கடிதம் கொடுப்பது போல, அது பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காணொளியை அனுப்புகிறது. முதலில் காணொளி சுருக்கப்படுகிறது. முழு உயர்தரப் படம் ஒன்றில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 25 படங்கள் என்று கணக்கிட்டால், அவற்றை அப்படியே அனுப்புவதற்கு வினாடிக்கு 1,200 மெகாபிட்டுக்கும் அதிகமான வேகம் தேவைப்படும். எந்தச் சாதாரண வீட்டு இணைப்பும் அதைத் தாங்காது. ஆகவே, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறாத பகுதிகளை மீண்டும் மீண்டும் அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் உத்தி கையாளப்படுகிறது. செய்தி வாசிப்பவரின் உதடுகள் அசைகின்றன. பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. சுவரை ஏன் ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும்? இத்தகைய சுருக்கத்தினால் 1,200 மெகாபிட் வெறும் 5 மெகாபிட் அளவுக்குக் குறைகிறது. இலக்கவியல் வானலை ஒளிபரப்பும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறது.

அடுத்து, காணொளி சில வினாடிகள் நீளமுள்ள சிறுசிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் உயர்ந்த தரம், நடுத்தரம், குறைந்த தரம் எனப் பல வடிவங்களில் வழங்கிக் கணினியில் சேமித்து வைக்கப்படுகிறது. பார்ப்பவரின் கருவி, இணைய வேகத்தை அளந்து அதற்கேற்ற வடிவத்தைக் கேட்டுப் பெறுகிறது. பேருந்தில் செல்லும்போது படம் திடீரென மங்கிப் பிறகு தெளிவாவதற்குக் காரணம் இதுதான். இடையில் இணைப்புத் தடுமாறினாலும் படம் நின்றுவிடாதிருக்க, கருவி சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. வெட்டுவதற்கும் அனுப்புவதற்கும் சேமிப்பதற்கும் நேரம் பிடிக்கிறது அல்லவா? அந்த நேரமே பக்கத்து வீட்டு இளைஞர்கள் இழந்த அரை நிமிடம்.

ஒரே காணொளியை இலட்சக்கணக்கானோருக்குத் தனித்தனியே அனுப்பும் சுமையைக் குறைக்கவும் வழிகள் உண்டு. புகழ்பெற்ற நிறுவனங்கள் தங்கள் காணொளிகளின் படிகளைப் பல நாடுகளில் உள்ள வழங்கிகளில் முன்னரே வைத்துவிடுகின்றன. இதனால், கோலாலம்பூரில் இருப்பவர் பார்க்கும் படம் ஒவ்வொரு முறையும் அமெரிக்காவிலிருந்து கடலடிக் கம்பிவழி வரவேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சொந்தக் கண்ணாடி இழைக் கட்டமைப்பின் வழி வழங்கும் தொலைக்காட்சியில் இன்னொரு முறை கையாளப்படுகிறது. நாளிதழ்க் கட்டு ஒன்றை ஊருக்கு அனுப்பி, அங்கே பிரித்து வீடுகளுக்குக் கொடுப்பது போல, ஒரே சமிக்ஞை வட்டார நிலையம் வரை சென்று, அங்கிருந்து கேட்டவர்களுக்கு மட்டும் கிளைபிரிகிறது. மலேசியாவில் 2010-இல் தொடங்கிய யூனிஃபை சேவையோடு வந்த தொலைக்காட்சி இவ்வகையைச் சேர்ந்தது.

இணையத் தொலைக்காட்சியின் நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. தவறவிட்ட நிகழ்ச்சியை நினைத்த நேரத்தில் பார்க்கலாம். புரியாத பாடத்தை நிறுத்தி, மீண்டும் பின்னோக்கிச் சென்று கேட்கலாம். துணைக்கோள் ஒளிபரப்பைப் போல அடைமழை பெய்தவுடன் படம் மறைந்துவிடுவதும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சிற்றூரில் வாழும் ஓர் இளைஞரும் திறன்பேசியில் ஒரு தமிழ்க் குறும்படத்தை எடுத்து உலகிற்கு அளிக்கலாம். முன்பு அலைவரிசை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இருந்த அந்த வாய்ப்பு, இன்று எல்லாருக்கும் கிடைத்துள்ளது.

இந்நன்மைகளைச் சுட்டிக்காட்டி, "இனி ஆண்டெனா எதற்கு? வானலை ஒளிபரப்பை நிறுத்திவிட்டு அனைத்தையும் இணையத்திற்கு மாற்றிவிடலாமே!" என்று சிலர் வாதிடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வானலை ஒளிபரப்பை நிறுத்தியதை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். கோபுரங்களைப் பராமரிப்பதற்கு ஆகும் செலவு மிச்சமாகும். விடுபடும் அலைக்கற்றையைக் கைப்பேசிச் சேவைக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒப்புமை ஒளிபரப்பை நிறுத்தியதால் கிடைத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இன்று மலேசியாவில் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கு உதவுகிறது. ஆயினும், சுவிட்சர்லாந்தில் வானலையை நம்பியிருந்த வீடுகள் மிகமிகக் குறைவு. கம்பிவடத் தொலைக்காட்சி ஏற்கெனவே அந்நாடெங்கும் பரவியிருந்தது. காடும் மலையும் ஆறும் நிறைந்த மலேசியாவுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

வானலை ஒளிபரப்பு நீடிக்க வேண்டும் என்பதற்கு முதற்காரணம் செலவு. ஆண்டெனாவைப் பொருத்தியவருக்குப் பார்ப்பதற்கென்று மாதக் கட்டணம் எதுவும் இல்லை. இணையத்தின் நிலை அப்படியன்று. வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 கிகாபைட் தரவு செலவாகிறது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பார்க்கும் குடும்பத்திற்கு 30 நாளில் 135 கிகாபைட் தேவைப்படும். வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு உள்ளவருக்கு இது பொருட்டே இல்லை. முன்கட்டணக் கைப்பேசி அட்டையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்திற்கோ இது பெருஞ்சுமை. 2019-இல் ஒளிபரப்பு முறை மாறியபோது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலக்கவியல் பெட்டிகளை இலவசமாக வழங்கியதை மறந்துவிடக் கூடாது. பெட்டியை ஒருமுறை கொடுத்தால் போதும். தரவை மாதாமாதம் யார் கொடுப்பது?

இரண்டாவது காரணம் கல்வி. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னர், பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்திற்கு மாறின. ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் இருந்தன. இணையத் தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேடி மேட்டுக்கு ஏறிய மாணவர்களும் இருந்தனர். அதே மாதத்தில் ஐரோப்பாவில் இணைய நெரிசலைத் தவிர்க்க நெட்பிலிக்ஸும் யூடியூபும் தங்கள் காணொளிகளின் தரத்தைக் குறைத்தன. வசதிமிக்க நாடுகளிலும் இணையத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அது காட்டியது. மலேசியக் கல்வி அமைச்சு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் டிடிக் டிவி அலைவரிசையைத் தொடக்கியது. இணைய வசதியற்ற மாணவரும் வீட்டுத் தொலைக்காட்சியில் பாடம் கேட்க அது வழிவகுத்தது. இணையம் எட்டாத இடத்திற்கு வானலை எட்டியது.

மூன்றாவது காரணம் பேரிடர். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் முதலிய கிழக்குக் கரை மாநிலங்கள் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் இல்லாவிட்டால் தொலைக்காட்சியும் இயங்காது என்பது உண்மையே. எனினும், மின்னாக்கி ஒன்று இயங்கும் துயர்துடைப்பு மையத்தில், ஒரு பெட்டியும் ஓர் ஆண்டெனாவும் இருந்தால் நூற்றுக்கணக்கானோர் செய்தி அறிய முடியும். அதே நூற்றுக்கணக்கானோர் தத்தம் திறன்பேசியில் ஒரே நேரத்தில் காணொளி பார்க்க முனைந்தால், எஞ்சியிருக்கும் கைப்பேசிக் கோபுரமும் திணறிவிடும். ஒரு மில்லியன் பேர் ஒரே நேரத்தில் 5 மெகாபிட் வேகத்தில் பார்த்தால், வலையமைப்புகள் வினாடிக்கு 5 மில்லியன் மெகாபிட்டைச் சுமக்க வேண்டும். ஒளிபரப்புக் கோபுரத்திற்கு அந்தக் கவலை இல்லை. மணி ஒருமுறை ஒலித்தால் போதும்.

இவற்றோடு, பொதுவாகப் பார்க்கும் பழக்கம் ஒன்றும் உண்டு. இணையத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பத்திற்கேற்ற காணொளிகளே அடுக்கித் தரப்படுகின்றன. பார்ப்பவர் தேடாததை அது எளிதில் காட்டுவதில்லை. தொலைக்காட்சி இரண்டில் தமிழ்ச் செய்தி ஒளியேறும்போது, வேறு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் பேரனும் பாட்டியோடு சேர்ந்து நாட்டு நடப்பைக் கேட்டுக்கொள்கிறான். அவன் காதில் நல்ல தமிழ் விழுகிறது. தனித்தனித் திரைகளில் இந்த வாய்ப்பு அரிதாகிவிடும்.

ஊருக்குக் குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காகப் பொதுக்கிணற்றை எவரும் தூர்ப்பதில்லை. குழாய் வறண்ட நாளில்தான் கிணற்றின் அருமை தெரியும். இணையத் தொலைக்காட்சி வளர வேண்டும்; கண்ணாடி இழை உட்புறப் பகுதிகளையும் எட்ட வேண்டும்; கட்டணமும் குறைய வேண்டும். அந்த நாள் வரும்வரை ஒளிபரப்புக் கோபுரங்கள் தொடர்ந்து இயங்குவதே நியாயம். நிகழ்ச்சி தயாரிப்பாளர்களும் ஒரே நிகழ்ச்சியை வானலையிலும் வலையிலும் வழங்க முன்வர வேண்டும். மாணவர்களும் எங்கும் எதையும் உயர்ந்த தரத்திலேயே பார்க்க வேண்டும் என்று எண்ணாமல், சிறு திரைக்குக் குறைந்த தரமே போதும் என்பதை உணர்ந்து தரவைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம்.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு புதியது என்பதை மட்டும் கொண்டு அதன் சிறப்பை அளப்பது சரியன்று. அது எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்பதே முறையான அளவுகோல். பக்கத்து வீட்டு இளைஞர்கள் அடுத்த இறுதியாட்டத்தின்போது திறன்பேசியை ஓரமாக வைத்துவிட்டுத் தாத்தா வீட்டுத் தொலைக்காட்சி முன் வந்து அமரட்டும். ஆட்டம் முடிந்ததும், தவறவிட்ட ஆட்டமொன்றை அதே தாத்தாவுக்கு இணையத்தில் எடுத்துக் காட்டட்டும். வானலைக்கும் வலைக்கும் அந்த வீட்டில் இடம் இருப்பது போல, நாட்டிலும் இடம் இருக்க வேண்டும்.