80 சதவீதம் போதுமா? ஜவ்வாது மலையும் இன்ஃப்யூஷன் பம்பும்

திருவண்ணாமலை மாவட்டம் ஜமுனாமரத்தூரில் இருந்து ஒரு நோயாளியை 108 ஆம்புலன்ஸில் கீழே இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிப்பது நார்அட்ரினலின் என்ற ஒரே மருந்து. மணிக்கு 5 மி.லி. வீதம் அதை நரம்பில் ஏற்றுவது கைக்கு அடக்கமான ஒரு சிரிஞ்ச் பம்ப். போளூர் பக்கம் இறங்கினாலும் திருப்பத்தூர் பக்கம் இறங்கினாலும் வளைவு வளைவாக மலைப்பாதைதான். பாதி வழியில் பம்ப் 'பீப்' அடித்து அணைந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த மருந்தின் வேலை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும்.

சாதாரண டிரிப்ஸ் போதாதா?

பல நேரம் போதும். ஸ்டாண்டில் பாட்டிலைத் தொங்கவிட்டு, சக்கரத்தைத் திருகி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினால் வேலை முடிந்தது. சாதாரண டிரிப்ஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய 1 மி.லி. நோயாளி கையை மடக்கினால்கூட வேகம் மாறும். சலைன் ஏறும்போது அது பெரிய விஷயம் இல்லை. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தையும் இப்படியே சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்தது. அங்கே பற்றாக்குறை சாலைதான், இயந்திரம் இல்லை.

ஆனால் இன்சுலின், நார்அட்ரினலின், பிரசவத்தில் கொடுக்கும் ஆக்ஸிடோசின், பச்சிளம் குழந்தைக்கான மருந்துகள் எல்லாம் வேற கணக்கு. துளி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இங்கேதான் பம்ப் தேவைப்படுகிறது. தேவைப்படும் இடத்தில் அது பொய் சொல்லக் கூடாது.

பொய் சொல்லியிருக்கிறது. 2005 முதல் 2009 வரை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வுக்கு இந்தப் பம்புகள் பற்றி சுமார் 56,000 புகார்கள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. சாஃப்ட்வேர் கோளாறு, பேட்டரி, அலாரம் எனப் பல காரணங்கள். அதில் ஒன்று கேட்டாலே பகீர் என்கிறது: பட்டனை ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும். 10 என்று கொடுத்தால் 100 ஆகிவிடும்.

இயந்திரம் சரியாக இருந்தும் உயிர் போனது உண்டு. 2006-ல் கனடாவின் எட்மன்டனில் 4 நாட்களில் ஏற வேண்டிய புற்றுநோய் மருந்து 4 மணி நேரத்தில் ஏறிவிட்டது. மணிக்கு 1.2 மி.லி. என்பதற்குப் பதில் 28.8 என்று பம்பில் பதிவாகியிருந்தது. 28.8 என்பது ஒரு நாளைக்கான அளவு. லேபிளில் இரண்டு எண்ணுமே இருந்தன. சொன்னதை பம்ப் அப்படியே செய்தது, நோயாளி இறந்தார். "நர்ஸ் தப்பு" என்று முடித்துவிடாமல், லேபிளும் பம்பின் வடிவமைப்பும் சேர்ந்தே அந்தத் தவறுக்கு வழிவிட்டதை விசாரணை எடுத்துச் சொன்னது. இப்போது வரும் 'ஸ்மார்ட்' பம்புகளில் மருந்துவாரியாக உச்ச அளவைப் பதிந்து வைக்கலாம். மீறினால் ஓடாது.

மலையில் என்ன கூடுதல் சிக்கல்?

முதலில் பேட்டரி. மாதக்கணக்கில் ஓரமாகக் கிடந்த பம்ப், திரையில் 'ஃபுல்' காட்டிவிட்டு கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். பழைய மொபைல் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்தது உயரம். ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்ச் பம்பை நோயாளியின் மட்டத்தில் இருந்து சட்டென மேலே தூக்கினால் கொஞ்சம் மருந்து கூடுதலாக உள்ளே போகும். கீழே இறக்கினால் சிறிது நேரம் மருந்தே போகாது. குலுங்கும் ஆம்புலன்ஸில் பம்பை யாராவது மடியில் வைத்துப் பிடித்திருந்தால் இரண்டுமே நடக்கும். படுக்கை மட்டத்தில் அதைப் பூட்டிவைக்க ஒரு கிளாம்ப் போதும். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

சட்டம் இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகளின்படி இன்ஃப்யூஷன் பம்ப் 'சி' பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவுக்கு 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம். ஆனால் உரிமம் என்பது தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும்தான். வாங்கி வைத்த பம்ப் ஐந்தாவது வருடம் எப்படி ஓடுகிறது என்பதை அது பார்ப்பதில்லை.

அதைப் பார்க்க தேசிய சுகாதார இயக்கம் 2015-ல் ஒரு பராமரிப்புத் திட்டம் கொண்டுவந்தது. உபகரணங்கள் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டிய நேரத்துக்கு அதில் இலக்கு உண்டு: மாவட்ட மருத்துவமனையில் 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80.

இந்தக் கணக்குதான் இடிக்கிறது. 80 சதவீதம் என்றால் வருடத்தில் 73 நாள் பழுதாகிக் கிடந்தாலும் இலக்கு எட்டப்பட்டதாகவே கணக்கு. மாவட்ட மருத்துவமனையில் ஒன்று கெட்டால் பக்கத்து வார்டில் இருந்து எடுத்து வரலாம். மலை மேல் ஒன்றே ஒன்று இருந்தால் எங்கே போய் எடுப்பது? மாற்று இல்லாத இடத்துக்குத்தான் 95 வேண்டும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களுக்குத் தனி இலக்கு, கையிருப்பில் ஒரு மாற்று பம்ப், ஆண்டுதோறும் அளவுச் சோதனை, குறித்த காலத்தில் புது பேட்டரி. இவை டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். எத்தனை பம்ப் வாங்கினோம் என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

நோயாளியோடு இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அலாரம் அடித்தால் நீங்களாக 'மியூட்' செய்யாதீர்கள், பம்பை நகர்த்தாதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கருவியால் பாதிப்பு ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை.