பன்னிரண்டு வோல்ட்டும் பத்து ரூபாய் பியூஸும்

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் முன்பெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங்கில் நடிகர் உள்ளே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் வெயிலில் வெளியே காத்திருக்கும் வண்டி! இப்போது நிலைமை மாறிவிட்டது. பழைய டெம்போ டிராவலரையோ வேனையோ வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், சவுக்குத் தோப்பு ஓரமாக இப்படி ஒரு நடமாடும் வீடு நின்றாலும் நிற்கும்.

நல்ல விஷயம்தான். ஊர் சுற்றுவதை யார் குறை சொன்னது? குறை வண்டியில் இல்லை, வண்டிக்குள் ஓடும் ஒயரில் இருக்கிறது.

இந்த வண்டிகளுக்கு மின்சாரம் அமைக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. வீட்டில் பவர்கட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரைப் போல ஒன்றை வாங்கி, பேட்டரியோடு இணைத்து, 230 வோல்ட் பிளக் பாயிண்ட்களைச் சுவர் முழுக்க வைத்துவிடுவது. "வீட்டுல இருக்குற மாதிரியே இருக்கும் சார்" என்று பாடி கட்டுபவர் சொல்வார். கேட்பவருக்கும் சந்தோஷம். 2008-இல் தொடங்கி 2014 வரை தமிழ்நாட்டை ஆட்டிவைத்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்த பழக்கம் இது. அன்றைக்கு அது நியாயம். வீட்டில் ஃபேனும் விளக்கும் ஏற்கெனவே 230 வோல்ட்டில் இருந்தன, அவற்றை மாற்ற முடியாது. ஆனால் வெறும் தகரக் கூட்டில் புதிதாக ஒரு வீடு கட்டும்போது அதே தவறை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

கொஞ்சம் யோசியுங்கள். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி ஆக்குகிறது. செல்போன் சார்ஜர் அந்த 230-ஐ மறுபடியும் 5 வோல்ட் டிசி ஆக்குகிறது. எல்இடி விளக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் ஏசியை டிசி ஆக்கித்தான் எரிகிறது. லேப்டாப்பும் அப்படியே. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போக வேண்டியவர் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகாமல், தாம்பரம் போய், சென்னை போய், கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து வருவது போல! வழியில் கொட்டிய பெட்ரோலுக்கு யார் பணம் கொடுப்பது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. பெயருக்கு 1200 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் கிடைப்பது 600. இதுதான் ஒரு நாள் வரவு. செலவு: ஐந்து வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 100. 25 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 200. நான்கு செல்போன்களுக்கு 60. மொத்தம் 360. நேரடியாக 12 வோல்ட்டில் எடுத்தால் மிச்சம் 240 இருக்கும். வண்டிக் கூரையில் 100 வாட் சோலார் பேனல் ஒன்று இருந்தால், நம் ஊர் வெயிலில் நல்ல நாளில் 400 வாட்-மணி அளவுக்குத் திரும்ப வந்துவிடும். கணக்கு டேலி!

இதையே இன்வெர்ட்டர் வழியாக எடுங்கள். 85 சதவீதத் திறன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 360 என்பது 424 ஆகிறது. அத்தோடு முடியவில்லை. எதுவுமே ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அது வெறும் 10 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 240. மொத்தம் 660-ஐத் தாண்டிவிட்டது. அதே விளக்கு, அதே ஃபேன், அதே போன். ஒருவருக்கு மிச்சம், இன்னொருவருக்குத் துண்டு. உடனே என்ன செய்கிறார்கள்? "இன்னொரு பேட்டரி போட்டுடலாம் சார்." ஓட்டைப் பானைக்கு இன்னும் பெரிய குழாய் வைக்கும் வியாபாரம் இது.

டிசி என்றவுடன் சிலர் சிரிப்பார்கள். பழைய காலம், எடிசன் தோற்றுப்போன கதை என்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இன்வெர்ட்டரே இல்லாமல் 48 வோல்ட் டிசியில் வீட்டை நடத்தும் முறையை உருவாக்கி, ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 48 வோல்ட் டிசி விநியோகத்துக்கென்று 2017-இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கரையில் கிடக்கும் ஃபைபர் படகுகளைப் பாருங்கள். ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு, மீன் இருக்கும் ஆழம் காட்டும் கருவி எல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்குப் பழகியவை. உப்புத் தண்ணீருக்கு நடுவில் 230 வோல்ட் பிளக் பாயிண்ட் வைக்கலாமா என்று எந்த மீனவரும் யோசித்தது கிடையாது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இருட்டில் பேட்டரியும் சின்ன எல்இடி விளக்கும் வைத்திருப்பவர்தான் ராஜா. கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருந்தும் கம்பம் சாய்ந்தால் இருட்டுதானே!

ஆக, நடமாடும் வீட்டுக்கு 12 வோல்ட்தான் சரி. அதை நாமே அமைப்பதும் முடியாத காரியம் இல்லை. பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 என்ற மூன்று கால் ஐசியைப் பாலிடெக்னிக் முதலாண்டு மாணவனும் சொல்லித் தருவான். ஆனால் அதைப் போடாதீர்கள். வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரும். அதில் 5 போக மீதி 9 வோல்ட்டையும் அது வெறும் சூடாகத்தான் கொட்டும். ஒரு ஆம்பியர் எடுத்தால் ஒன்பது வாட் வீண். அதற்குப் பதில் எல்எம்2596 போன்ற ஸ்விட்சிங் ஐசி வைத்த சின்ன பக் கன்வெர்ட்டர் போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கிறது. சூடு குறைவு, வீண் குறைவு. டைனமோ ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால் லைனில் பல மடங்கு வோல்டேஜ் ஒரு கணம் பாயும். அந்த போர்டு தாங்குவது 40 வோல்ட் வரைக்கும்தான். அதனால் முன்னால் ஒரு டிவிஎஸ் டையோடு போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

இதுவரை படித்துவிட்டு உற்சாகமாக ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

இன்வெர்ட்டர்காரர்கள் பணத்தைத்தான் வீணாக்குகிறார்கள். இரண்டாவது கூட்டம் உயிரோடு விளையாடுகிறது. "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்பது அவர்களுடைய வேதவாக்கு. ஷாக் அடிக்காது என்பது உண்மை. உலர்ந்த கையால் இரண்டு டெர்மினலையும் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளைக் கொல்ல ஷாக் மட்டும்தான் வழியா? பேட்டரியின் இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு சிவக்கும். ஒயராக இருந்தால் அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் முதலில் எரியும். பிறகு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளைவுட், ஃபோம் மெத்தை, திரைச்சீலை... உள்ளே தூங்குவது குழந்தைகள். பெரும்பாலும் ஒரே ஒரு கதவு.

வீட்டில் 60 வாட் ஃபேன் எடுப்பது கால் ஆம்பியர் சொச்சம். அதே 60 வாட் 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும். பத்தாம் வகுப்புப் பாடம்! வீட்டு விளக்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரை ஐந்து மீட்டர் தூரம் இழுத்தால், போக வர பத்து மீட்டர். ஐந்து ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.86 வோல்ட் காணாமல் போய்விடும். 12-இல் ஏழு சதவீதம். 2.5 மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இது மூன்று சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஒயரில் பணம் மிச்சம் பிடிப்பவர் பேட்டரியில் இழக்கிறார்.

பியூஸ் விஷயம் இதைவிடக் கொடுமை. பியூஸ் எதற்கு என்று கேட்டால் "லைட்டைக் காப்பாத்த" என்பார்கள். இல்லை. பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் அது விளக்குக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். எட்டடி ஒயருக்கு முதல் சாணே பிரதானம். பியூஸ் அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியை மடித்துச் செருகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பத்து ரூபாய் பியூஸ் போவது பல லட்ச ரூபாய் வண்டி போகாமல் இருப்பதற்காகத்தான் என்று யார் இவர்களுக்குச் சொல்வது?

இன்னொரு கைவேலை உண்டு. பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி தொடராக. அதில் 12 வோல்ட் ஃபேனோ ஸ்டீரியோவோ போட வேண்டுமென்றால், இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவார்கள். வேலை செய்யும், ஆமாம். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் இறங்கும். சார்ஜ் ஏறும்போது இறங்கிய பேட்டரிக்குப் போதாது, மற்றதற்கு அதிகமாகிப் போய் தண்ணீர் கொதித்து வாயு கிளம்பும். அது ஹைட்ரஜன். சில மாதங்களில் இரண்டு பேட்டரியும் குப்பை. 24-இலிருந்து 12 எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டிருந்தால் இந்தச் செலவே கிடையாது.

இதோடு சமையல் வாயுவையும் சேர்த்துப் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். பேட்டரியை வைப்பது எங்கே? கட்டிலுக்குக் கீழே, தரையில்! ஸ்விட்ச் தட்டும்போது வரும் ஒரு பொறி போதும். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே காரணம் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர், ஒயர் அல்ல. ஆனால் மூடிய பெட்டிக்குள் தீ பிடித்தால் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அந்தக் காலை வேளை சொல்லிவிட்டது. ரயில் பெட்டியைவிட வேன் மிகச் சின்னது.

கடற்கரையில் கூடுதல் தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சில மாதத்தில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். ஈயம் பூசிய ஒயர், அழுத்திப் பிடித்த லக், டெர்மினலில் கொஞ்சம் வாசலின். பெரிய செலவா இது? வீட்டு ஸ்விட்சை அப்படியே டிசிக்கு வைப்பதும் தவறு. ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் பொறி தானே அணையும். டிசியில் அந்த ஓய்வு கிடையாது. டிசிக்கென்று குறிப்பிட்ட ஸ்விட்சைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

"அப்படியானால் மிக்ஸிக்கு என்ன செய்வது?" என்று கேள்வி வரும். நியாயமான கேள்வி. சட்னி அரைக்கும் ஐந்து நிமிடத்துக்குச் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று, அதற்குத் தனி பியூஸ், வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது. ஏசி மெஷின் வேண்டுமென்றால் பேட்டரியை மறந்துவிட வேண்டியதுதான். ஆயிரம் வாட் இழுப்பதை 600 வாட்-மணி அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவே. குளிரூட்டிய அறைதான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்தில் விடுதிகளுக்கா பஞ்சம்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எனவே அனுமதி வாங்காமல் சீட்டைக் கழற்றுவதே தப்பு. ஆனால் எல்லா முத்திரையும் குத்தி வாங்கிய பிறகும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஒயரை தினம் குனிந்து பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் அதன் மேல் படுத்துத் தூங்குபவர்தான்.

புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்துக் கிளம்புகிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். அந்த எலுமிச்சம்பழம் வாங்கிய காசில் ஒரு பியூஸும் வாங்கி, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போட்டுவிட்டுக் கிளம்பட்டும்.