"பங்களிப்பாளர்" என்ற சொல்லுக்குள் மறைந்துபோன பயிற்றுவிப்பாளர்

கூடைப்பந்தாட்டம் பார்க்கிற உங்கட பிள்ளையளிட்டை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: என்.பி.ஏ. அணியொன்றின் முதலாவது கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் யார்? "பில் ரசல், பொஸ்ரன் செல்ரிக்ஸ், 1966" என்று டக்கெண்டு பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னரே, 1961 இல், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடிய தொழில்முறை அணியொன்றுக்கு ஒரு கறுப்பினத்தவர் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அணி கிளீவ்லண்ட் பைப்பர்ஸ். அவர் பெயர் ஜோன் மக்லெண்டன். இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலானோர் "ஆர் அவர்?" என்றுதான் கேட்பார்கள்.

1915 இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் மக்லெண்டன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்து, இந்த விளையாட்டையே கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்தான். விளையாட்டை உருவாக்கியவரிடமே அதைப் படித்தும், பல்கலைக்கழக அணியில் மக்லெண்டன் ஒரு நாளும் ஆடவில்லை. கறுப்பின மாணவருக்கு அங்கே இடமில்லை.

ஆட விடாவிட்டால் என்ன, ஆடப் பழக்கலாம்தானே. வட கரோலினாவின் டேர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியொன்றில் வேகத் தாக்குதலையும், மைதானம் முழுவதும் எதிரணியை நெருக்கிப் பிடிக்கும் தடுப்பாட்டத்தையும் வளர்த்தெடுத்தார். 1944 மார்ச் 12, ஒரு ஞாயிறு காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையின அணி அவர்களுடைய மண்டபத்துக்கு வந்தது. கதவுகளைப் பூட்டிவிட்டு ஆடினார்கள். இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அங்கே தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. மக்லெண்டனின் அணி 88க்கு 44 என்று வென்றது. பிறகு இரு அணியினரையும் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். இந்தக் கதை 1996 இல்தான் பரவலாக வெளியே தெரிய வந்தது.

அடுத்து டெனசி. 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருடங்கள் அவரது கல்லூரி அணி என்.ஏ.ஐ.ஏ. தேசியச் சம்பியன் ஆனது. அதுவரை எந்தக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளரும் தொடர்ச்சியாக மூன்று தேசியப் பட்டங்கள் வென்றதில்லை.

"அது கல்லூரி, தொழில்முறையில் அவர் என்ன சாதித்தார்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. பைப்பர்ஸில் உரிமையாளர் ஜோர்ஜ் ஸ்டைன்பிரென்னருடன் முரண்பட்டு, 1962 இல் பருவத்தின் நடுவிலேயே விலகினார். 1969 இல் டென்வர் ரொக்கெட்ஸ் அணி அவரை 28 போட்டிகளோடு அனுப்பிவிட்டது. வெற்றி 9, தோல்வி 19. கணக்கை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேணும். அவர் விலகிய அதே பருவத்தில் பைப்பர்ஸ் அந்த லீக்கின் சம்பியன் ஆனது. அணியைக் கட்டியவர் ஒருவர், கிண்ணத்தைத் தூக்கியவர் இன்னொருவர். ஒரு முழுப் பருவம்கூடப் பொறுக்காத இடத்தில் ஒருவருடைய திறமையை வெற்றி தோல்வி எண்ணிக்கையால் அளப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

இதைவிட எனக்கு உறுத்துகிற விசயம் வேறு. 1979 இல் கூடைப்பந்தாட்டப் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. எப்படிச் சேர்த்தது? பயிற்றுவிப்பாளராக அல்ல, "பங்களிப்பாளர்" என்று. வாழ்நாள் முழுக்கப் பயிற்றுவித்த மனிதருக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. 2016 இல் பயிற்றுவிப்பாளர் என்று மறுபடியும் சேர்த்தார்கள். மக்லெண்டன் இறந்தது 1999 இல். திருத்தம் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு சொல்தானே என்று விட முடியாது. பங்களித்தவர் என்றால் கூட நின்று உதவியவர் என்றாகிவிடும். பயிற்றுவிப்பாளர் என்றால் செய்தவரே அவர்தான்.

எங்கட ஆக்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. எங்கட விளையாட்டுக் கழகங்கள், தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு மலர்களை எடுத்துப் பாருங்கோ. அனுசரணையாளரின் படம் முழுப் பக்கத்தில் இருக்கும். குளிரிலும் பனியிலும் இருபது வருடம் பிள்ளைகளைப் பழக்கிய மாஸ்டரின் பெயர் கடைசிப் பக்கத்தில், "ஒத்துழைப்பு வழங்கியோர்" பட்டியலில் கிடக்கும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அடுத்த மலரில் அவர்கள் செய்த வேலையின் பெயரையே போட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதை வாசிக்கட்டும்.