மரம் நடுவோம், அதற்கு முன் விதை காப்போம்!

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் தாவரவியல்)

ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்கினால் நம் நாட்டில் மரம் நடு விழாக்கள் களைகட்டிவிடுகின்றன. 1950ஆம் ஆண்டில் அன்றைய மைய உணவு, வேளாண்மை அமைச்சர் கே. எம். முன்ஷி 'வனமகோத்சவம்' என்னும் பெயரில் தொடங்கி வைத்த நல்ல வழக்கம் இது. குழி தோண்டுகிறோம், கன்று நடுகிறோம், படம் எடுத்துக் கொள்கிறோம், எத்தனை கன்றுகள் நட்டோம் என்று மேடையில் அறிவிக்கிறோம். இதனைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் எந்த மேடையிலும் எழுந்து நான் கேட்டதில்லை. இந்தக் கன்றின் விதை எங்கிருந்து வந்தது? அதை ஈன்ற தாய்மரம் இன்னும் நிற்கிறதா?

விதையைப் பற்றிக் கேளாமல் கன்றை மட்டும் எண்ணுவது, கறவை மாட்டைப் பற்றிக் கேளாமல் பால் குடத்தை எண்ணுவதற்கு ஒப்பாகும். காட்டைக் காப்பது என்பது முதற்கண் தாய்மரத்தையும் அதன் விதையையும் காப்பதே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நம் மலை, நம் மரங்கள்

சின்னசேலத்தில் நின்று வடமேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அது நமக்கு வெறும் காட்சிப் பொருள் அன்று. கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. அதன் நீர் பாயும் நெல் வயலும் கரும்புத் தோட்டமும், அம்மலையின் காற்றை நம்பி வானம் பார்த்து நிற்கும் மக்காச்சோளக் காடும் மரவள்ளிக் கொல்லையும் நம்மில் பலரைப் படிக்க வைக்கின்றன. மலைச் சரிவில் மரம் இருந்தால் பெய்யும் மழை இலைச்சருகில் இறங்கி, மண்ணில் ஊறி, ஓடையில் மெல்ல வந்து சேரும். மரம் இல்லையேல் அதே மழை மண்ணை வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும்.

அம்மலையில் கடுக்காய், நெல்லி, வேங்கை, உசிலை, வெட்பாலை, கொன்றை, சந்தனம், ஓடையோரம் மருது, நாவல் என்று எத்தனையோ மரங்கள் உண்டு. இவற்றை யாரும் நடவில்லை. பறவையும் விலங்கும் காற்றும் ஓடை நீரும் விதைத்தவை இவை. திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தில் பணியாற்றிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டின் கர்நாடகப் பகுதித் தாவரங்களை 1980களில் பல தொகுதிகளாக வெளியிட்டார். கல்வராயன் மலைத் தாவரங்களும் அந்நூலில் இடம் பெற்றுள்ளன. ஒரு கல்லூரியில் தொடங்கிய வேலை அது என்பதை நாம் மறக்கலாகாது.

எல்லா விதையும் காத்திருக்காது

விதை என்றாலே குதிரில் போட்டு வைத்து, வேண்டும்போது எடுத்து விதைக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். நெல்லையும் கேழ்வரகையும் பார்த்துப் பழகிய எண்ணம் அது. மரங்களின் கதை வேறு. 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் இ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். உலர்த்தினால் நெடுங்காலம் உயிரோடிருப்பவை ஒரு வகை. உலர்த்தினால் இறந்து போகிறவை மற்றொரு வகை. இரண்டுக்கும் இடைப்பட்ட வகையும் உண்டென்று பின்னர் 1990இல் கண்டறிந்தார்கள்.

கொன்றை, உசிலை, புளி ஆகியவை முதல் வகையைச் சார்ந்தவை. இத்தகைய விதைகளின் ஈரத்தைச் சுமார் 5 விழுக்காட்டளவுக்குக் குறைத்து, உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால் பல்லாண்டு காலம் கெடாது. இஸ்ரேல் நாட்டின் மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005ஆம் ஆண்டில் முளைத்தது என்றால் அதன் பொறுமையை என்னென்பது!

ஆனால் நாவலும் இலுப்பையும் அப்படிப்பட்டவை அல்ல. மாவும் பலாவும் அவ்வாறே. இவற்றின் விதை தாய்மரத்தை விட்டு விழும்போதே நிறைந்த ஈரத்தோடு விழுகிறது. மழைக்காலத் தொடக்கத்தில் விழுந்து, ஈர மண்ணில் உடனே முளைப்பது அதன் இயற்கை. துயில் என்பதே அதற்கு இல்லை. வெயிலில் காயவைத்தால் சாகும். குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனியாகித் திசுக்களைக் கிழித்துவிடும். வட இந்தியக் காடுகளின் சால மரத்தின் விதைக்கு ஒரு வார காலமே ஆயுள் என்பார்கள். நாவலுக்கும் இலுப்பைக்கும் சில வாரங்கள், அவ்வளவே.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மில்லினியம் விதை வங்கி உலகின் காட்டுத் தாவர விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008இல் பனிமலையைக் குடைந்து பயிர் விதைகளுக்குப் பெட்டகம் அமைத்தார்கள். மாபெரும் பணிகள்! எனினும் நம் ஊர் நாவல் கொட்டையை அவற்றின் குளிர் அறைகளில் வைத்துக் காக்க இயலாது. விதையின் முளைக்கருவைத் தனியே பிரித்து, உறைநிலைக்குக் கீழே 196 பாகைக் குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கும் முறை ஒன்று உண்டு. அது ஆய்வுக்கூடத்தின் வேலை, செலவும் மிகுதி. அப்படியானால் இத்தகைய மரங்களுக்கு விதை வங்கி எது? நிற்கின்ற தாய்மரமே வங்கி. அதை வெட்டிய பிறகு எந்தப் பெட்டகத்தைத் திறந்து எதை எடுப்போம்?

பூட்டும் திறவுகோலும்

காத்திருக்கும் விதைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவை பூட்டிய வீடு போன்றவை. கொன்றை விதையின் தோல் நீரை உள்ளே விடாது. கரடி அக்காயைத் தின்று எச்சமாக வெளியிடும் விதை எளிதில் முளைக்கிறது. நாற்றங்காலில் நாம் அதன் தோலைச் சிறிது உரசியோ, சுடுநீரில் இட்டோ அப்பூட்டைத் திறக்க வேண்டும். கடுக்காயின் கொட்டை கல் போன்றது. சதையை நீக்கி ஊறவைத்து விதைத்தாலும் பொறுமை வேண்டும். சந்தனமோ முளைத்தபின் அண்டை மரத்தின் வேரிலிருந்து உணவில் ஒரு பகுதியைப் பெற்று வாழும் மரம். ஆகவே பாலித்தீன் பையிலேயே அதற்குத் துணையாகத் துவரைச் செடியை வளர்க்கிறார்கள். நெல்லிக்கனியைத் தின்னும் மான் கொட்டையை வேறிடத்தில் உமிழ்கிறது. இலுப்பைப் பழத்தைப் பழந்தின்னி வௌவால் தூக்கிச் சென்று தொலைவில் போடுகிறது. காட்டின் நாற்றங்காலில் கூலி வாங்காத ஆட்கள் இவர்கள்! வௌவால் தங்கும் மரத்தை வெட்டினால் ஒரு மரத்தோடு போவதில்லை. பல மரங்களின் விதைப்பாடும் நின்றுபோகும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா இலுப்பைக் கொட்டை பொறுக்கி எண்ணெய்க்குக் கொடுத்தவர். "விழுந்த கொட்டைய அப்பவே ஊனிப்புடணும்டா, காஞ்சா அது கட்டை" என்பார். வகுப்பறையில் விதையின் ஈர அளவைப் பற்றிப் படித்தபோது, ஆயா சொன்னதற்குத்தான் இங்கே பெயரும் எண்ணும் தருகிறார்கள் என்று உணர்ந்தேன். எந்த மரம் எந்தத் திங்களில் காய்க்கும், எந்த ஆண்டு காய்ப்பு பொய்க்கும், எந்த மரத்துக் கொட்டை நன்கு முளைக்கும் என்பன போன்ற செய்திகள் மலைவாழ் மக்களிடமும் நம் வீட்டு முதியோரிடமும் இருக்கின்றன. பட்டம் பெறப் போகும் நாம் அவற்றை எழுதி வைக்காவிட்டால், அந்த அறிவும் உலர்த்தத் தாங்காத விதை போல ஒரு தலைமுறையில் மாண்டுபோகும்.

அண்டையில் ஓர் எடுத்துக்காட்டு

இவையெல்லாம் ஏட்டில் இனிக்கும், நடைமுறையில் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். தொலைதூரம் போக வேண்டாம். 2019 வரை கள்ளக்குறிச்சி எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே சான்று உள்ளது. 1968இல் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்துப் பள்ளங்கள் விழுந்த செம்மண் பொட்டல். முதலில் கரை கட்டி நீரைத் தேக்கினார்கள். விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்காக நட்டார்கள். அதன்பின் அந்நிலத்துக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைக் கொண்டு வந்தார்கள். 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இவ்வகை முயற்சிகளுள் ஒன்று.

அம்மரங்களுக்கு விதை எங்கே கிடைத்தது? கடற்கரையை ஒட்டி ஆங்காங்கே எஞ்சியிருந்த காட்டுத் துண்டுகளிலும் கோயில் காடுகளிலும் கிடைத்தது! கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அத்தகைய கோயில் காடுகளுள் பெயர் பெற்றது. அய்யனார்க்கு அஞ்சிக் கிளை ஒடிக்காத மக்கள், தாங்கள் அறியாமலேயே ஒரு விதை வங்கியைக் காத்து வந்திருக்கிறார்கள். இக்காடுகளும் அழிந்திருந்தால், எத்தனை பணம் இருந்தும் எத்தனை ஆர்வம் இருந்தும் அந்த மேட்டில் பழைய காடு திரும்பியிராது.

மறுப்புகளும் விடைகளும்

'உள்நாட்டு மரம் மெதுவாக வளரும். விரைவில் வளரும் அயல் மரமே ஏற்றது' என்பர் சிலர். தன் சொந்த நிலத்தில் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் தைலமரம் வளர்ப்பவரை நான் குறை கூறவில்லை. ஆரோவிலிலும் அயல் மரம் பயன்பட்டதை மேலே சொன்னேன். ஆனால் அங்கே அது சாரம், கட்டடம் அன்று. சாரத்தையே கட்டடம் என்று எண்ணி நிறுத்திக் கொள்வதுதான் தவறு. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் நம்மை எங்கே கொண்டு வந்து நிறுத்தியுள்ளன என்பது கண்கூடு.

'காடும் மரமும் பெருகிவிட்டதாகக் கணக்கு வந்தால் போதாதா?' என்பர் வேறு சிலர். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்த எண்ணுகிறது. போற்றத்தக்க நோக்கம். ஆயினும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கு முறையை நாம் அறிய வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக் கவிகை 10 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அது காட்டுப் பரப்பில் சேரும். எந்த மரம் என்று கணக்கு கேட்பதில்லை. ஆகவே எண் உயர்ந்தும் நம் மரங்கள் குறைய இடமுண்டு. எண்ணுக்கு உயிர் கொடுப்பது விதையே.

'காடு தானே முளைக்காதா?' என்று கேட்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். வேரும் அடிக்கட்டையும் உயிரோடிருக்கும் சரிவுகளில் நட வேண்டியதே இல்லை. தீயையும் மேய்ச்சலையும் சில ஆண்டுகள் தடுத்தால் கட்டை தழைக்கும். விழுந்த விதை எழும். ஆனால் விதை விழுவதற்கு அருகே தாய்மரம் வேண்டுமே! மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதாது. குனிந்து அதன் அடியில் கன்று உண்டா என்றும் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் பழைய இலுப்பை இன்றும் நிற்கக் கூடும். முற்றத்திற்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் அதன் கொட்டை எங்கே முளைக்கும்? கிழவர்கள் மட்டுமே வாழும் ஊர் எத்தனை நாள் ஊராக இருக்கும்?

நாம் செய்யத் தக்கவை

நம் கல்லூரி பெரிய செலவின்றிச் செய்யக் கூடியவை சில உள்ளன.

முதலாவது, தாய்மரப் பதிவேடு. ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் உள்ள பழைய உள்நாட்டு மரங்களைக் கணக்கெடுத்து, மரத்தின் பெயர், இடம், சுற்றளவு, பூக்கும் காலம், காய்க்கும் காலம் ஆகியவற்றை எழுதித் தரலாம். தாவரவியல் துறை அதனைத் தொகுத்தால் இவ்வட்டாரத்துக்கே ஒரு விதை நாட்காட்டி உருவாகும்.

இரண்டாவது, முறையான விதைத் திரட்டு. அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரே மரத்தில் கூடை கூடையாகச் சேர்ப்பது தவறு. ஒரு தாயின் பிள்ளைகளாலான காடு நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் தோற்கும். கூடுமானவரை 25 அல்லது 30 மரங்களில், ஒன்றுக்கொன்று 100 மீட்டரேனும் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் திரட்ட வேண்டும். பறவைக்கும் விலங்குக்கும் மண்ணுக்கும் உரிய பங்கை விட்டுவைக்க வேண்டும். காப்புக் காட்டில் வனத்துறையின் இசைவின்றிக் கால் வைக்கலாகாது.

மூன்றாவது, கல்லூரி நாற்றங்கால். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாவலையும் இலுப்பையையும் விழுந்த வாரத்திலேயே பையில் ஊன்றலாம். நாவலின் ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளைகள் வருவதையும் அங்கேயே கண்ணால் காணலாம். பயிற்சி வேண்டின் கோவை வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் நம் மாநிலத்திலேயே உள்ளன.

நான்காவது, மலைவாழ் மக்களுக்கு உரிய விலை. சிறு வனப்பொருள்களைத் திரட்டவும் விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. கடுக்காயைச் சரக்காக விற்பதைவிடத் தேர்ந்த விதையாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும்படி செய்தால், தாய்மரத்தைக் காக்க அவர்களைவிடச் சிறந்த காவலர் யார்?

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று எள்ளி நகைத்த பழமொழி நம்மிடம் உண்டு. ஆலைகள் பெருகிவிட்டன; இலுப்பைதான் அருகி வருகிறது. அதைக் காப்பதற்கு வெளிநாட்டிலிருந்து யாரும் வரப் போவதில்லை. அதன் விதைக்கோ சில வாரங்களுக்கு மேல் காத்திருக்கும் இயல்பில்லை. எனவே வரும் ஆனி, ஆடித் திங்களில் நாவலும் இலுப்பையும் பழுத்து விழும்போது, மாணவ நண்பர்களே, குனிந்து பொறுக்குங்கள், அன்றே ஊன்றுங்கள். எத்தனை மரம் நட்டீர்கள் என்று யாரேனும் கேட்டால், எத்தனை தாய்மரங்களைக் காத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்!