பழைய கணினியைக் கழிப்பதற்கு முன்...

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதில் ‘ராத்தா நிக்காஹ்’ என்று பெயரிட்ட ஒரேயொரு கோப்பு. 2011ஆம் ஆண்டு ராத்தாவின் நிக்காஹ் முடிந்த வாரத்தில், சிறிய கேமராவில் நாங்களே எடுத்த காட்சிகளையெல்லாம் விண்டோஸ் மூவி மேக்கரில் வரிசைப்படுத்தி, தேவையற்றதை வெட்டி, பெயர்களை எழுதிச் சேர்த்து, மூன்று இரவுகள் கண்விழித்துத் தொகுத்தோம். பந்தல் வாசலில் நின்று வாப்பா ஒவ்வொருவரையும் கைபிடித்து வரவேற்கும் காட்சி மட்டுமே நான்கு நிமிடங்கள் இருந்தது.

அடுத்த ஆண்டு புதிய கணினி வாங்கினோம். பழையதைக் கடைக்காரரிடமே மாற்றாகக் கொடுத்துவிட்டோம். கொடுப்பதற்கு முன், அந்தக் கோப்பைக் கவனமாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டோம். அது மிகக் குறைந்த இடத்தையே பிடித்தது. அதைக் கண்டு மகிழ்ந்தோமே தவிர, ஒரு மணி நேரக் காணொளி எப்படிச் சில நூறு கேபிக்குள் அடங்கும் என்று சிந்திக்கவில்லை. சில மாதங்கள் கழித்து உம்மா கேட்டார்கள் என்று திறந்தோம். காட்சிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘கோப்பு காணவில்லை’ என்ற அடையாளம்.

நாங்கள் எடுத்து வைத்தது காணொளியே அன்று, திட்டக் கோப்பு. எந்தக் காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. படம் முழுவதும் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் வேறு கோப்புகளாகக் கிடந்தது. ‘மூவியாகச் சேமி’ என்ற கடைசி வேலையை நாங்கள் செய்யவில்லை. நாளை செய்யலாம் என்று தள்ளிப்போட்டது கணினி மாறும் நாள் வரை வந்துவிட்டது. பிரியாணிக்கான குறிப்பு எழுதிய காகிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, அரிசியையும் இறைச்சியையும் கொட்டிவிட்டவர்களின் நிலை எங்களுடையது. கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை அழித்து வேறொருவருக்கு விற்றிருந்தார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை இங்கே எழுதக் காரணம், நம் வீடுகளில் காணொளி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது உடனே கணினி வாங்கும் பேச்சாக மாறிவிடுகிறது என்பதுதான். பெருநாள் காட்சிகளை ஒன்றாக்க வேண்டும் என்று பிள்ளை உட்காருகிறான். திரை திக்குகிறது, மென்பொருள் உறைகிறது. கடையில் கேட்டால், “பாய், இந்தக் கணினிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த அறிவுரை தேவையற்றது என்பதே எங்கள் கருத்து.

கைபேசியில் எடுத்த 4கே காட்சியில் சாதாரண 1080 காட்சியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. போதாக்குறைக்கு, 2017இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் ஐஃபோன்களும், பின்னர் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளும், ஹெச்.265 எனும் இறுக்கிச் சுருக்கும் முறையில் பதிவு செய்கின்றன. இம்முறையில் ஒவ்வொரு சட்டகமும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களிலிருந்து மாறிய பகுதி மட்டுமே பெரும்பாலும் குறித்து வைக்கப்படுகிறது. தொடர்ச்சியாகப் பார்க்கும்போது கணினிக்கு இது பெரிய சிரமமில்லை. தொகுக்கும்போதோ நாம் முன்னும் பின்னும் தாவுகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் பல சட்டகங்களை அவிழ்த்துத்தான் ஒன்றைக் காட்ட முடியும். ‘பார்க்கும்போது நன்றாக ஓடுகிறதே, தொகுக்கும்போது ஏன் திக்குகிறது?’ என்று பலரும் வியப்பது இதனால்தான்.

இதற்கு ப்ராக்ஸி என்றொரு வழி உண்டு. பெரிய காட்சிகளுக்குச் சிறிய நகல்களை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நாம் நகலில் வெட்டி ஒட்டுவோம். இறுதியில் காணொளியை வெளியேற்றும்போது அது அசல் காட்சிகளையே எடுத்துக்கொள்ளும். ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் மூன்றிலும் இவ்வசதி இருக்கிறது. எட்டு ஆண்டுப் பழைய எங்கள் மடிக்கணினியில் சென்ற பெருநாள் காட்சிகளை இவ்வாறே முடித்தோம். நகல் உருவாக ஓர் இரவு ஆயிற்று. மறுநாள் வேலை தடையின்றி நடந்தது.

மேம்படுத்தவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதை மாற்றினால் எது சரியாகும் என்று அறிந்து மாற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் கணினி விரைவில் விழிக்கும், மென்பொருள் விரைவில் திறக்கும். ஆனால் முடித்த காணொளியை வெளியேற்றும் நேரம் அதனால் பெரிதாகக் குறையாது. அது பிராசஸரும் கிராபிக்ஸும் செய்யும் வேலை. ரேம் 4 ஜிபி மட்டும் இருந்து வேலை நடுவே எல்லாம் உறைந்தால், அதைக் கூட்டுவது பலன் தரும். டாவின்சி ரிசால்வ் நல்ல கிராபிக்ஸ் கார்டை எதிர்பார்க்கும். எங்கள் மடிக்கணினியில் அது தத்தளித்தது, ஷாட்கட் நடந்தது. வெளியேற்றும் நேரம் ஒன்றுதான் குறை என்றால், இஷாவுக்குப் பின் வேலையை ஓட விட்டுவிட்டுத் தூங்கச் செல்லலாம். அதற்காகப் புதிய கணினி வாங்குவதை வீண்விரயம் என்றே சொல்வோம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். இதனால் நல்ல நிலையிலுள்ள கணினிகள் பலவும் கழிக்கப்படுகின்றன. காணொளி தொகுக்க மட்டும் பயன்படும் கணினியில் லினக்ஸ் நிறுவிக் கேடென்லைவ் பயன்படுத்தலாம். பழகச் சில நாள்கள் ஆகும். முதல் வாரம் எங்கள் வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. விலையுயர்ந்த மென்பொருளைக் ‘கிராக்’ செய்து கடையில் ஏற்றித் தருகிறார்கள். நாமும் கேள்வியின்றி வாங்கிக்கொள்கிறோம். அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். குடும்பப் பெண்களின் படங்களும் வங்கி விவரங்களும் உள்ள கணினியின் காவலை நம் கையாலேயே அகற்றுவது எத்தகைய செயல்? மேலும், அது பிறர் உழைப்பின் ஹக். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை உரியவர்களுக்குச் சொந்தமானவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. வசதியில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். மேலே சொன்ன மூன்றுமே விலையின்றிக் கிடைக்கின்றன. ரிசால்வின் இலவசப் பதிப்பே வீட்டுத் தேவைக்கு அதிகம்.

கடைசியாகக் கேசட்டுகள். பயணம் போயிருந்த வாப்பாமார்கள் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கொண்டுவந்த கேமராக்களில் பல, மினிடிவி நாடாவில் பதிவு செய்பவை. அவற்றை இழப்பின்றிக் கணினியில் ஏற்றப் பெரும்பாலும் ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். இன்று கடையில் வாங்கும் புதிய மடிக்கணினிகளில் அது இல்லை. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மேசைக் கணினியில் இருக்கலாம்! அதை இரும்புக்கடைக்குப் போடுமுன் பின்புறம் ஒருமுறை பாருங்கள். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும், விரைவாக்க முடியாது. சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஏற்றியதை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்த பிறகு, அந்தக் கணினியைத் தாராளமாக வழியனுப்பலாம்.

எங்களிடம் ஏழு கேசட்டுகள் உள்ளன. உறவினர் ஒருவர் வீட்டிலிருந்து கடனாகக் கொண்டுவந்த பழைய கணினியில் நான்கை ஏற்றிவிட்டோம். மூன்றாவதில் 2004 பெருநாள் காலை இருந்தது. தொழுகைக்குப் புறப்படும் வாப்பா, “சார்ஜ் தீர்ந்துவிடும், அணைத்து வை” என்று கேமராவைப் பார்த்துக் கடிந்துகொள்கிறார்கள். அவர்கள் மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உம்மா அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மீதி மூன்று கேசட்டுகளில் ஒன்றின் நாடா சற்றுச் சுருங்கியிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அதையே முதலில் எடுக்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.